வாடகை வீடு: ஓனர் பூட்டை மாற்றிவிட்டால் என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி வாடகை வீடு பற்றித்தான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஆள் வர வர, பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். தோட்டத்து லயத்தை விட்டு வந்த நம் குடும்பங்களும் அதே வீடுகளைத்தான் தேடுகின்றன. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதில் 600, 700 வாடகைக்கே போனால் மிச்சத்தில் என்ன செய்ய முடியும்? அதனால் இன்றைக்கு வேறு எதையும் எடுக்காமல் இதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: அக்கா, லூனாஸ் பக்கம் ஒரு தாமானில் மூன்று வருடமாக இருக்கிறோம், வாடகை 550 வெள்ளி. கணவர் மோட்டார் விபத்தில் கால் உடைந்து வீட்டில் இருக்கிறார், இரண்டு மாதம் பாக்கி. போன வாரம் அவரை கிளினிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பினால் கேட்டில் புதுப் பூட்டு. பிள்ளைகளின் பள்ளிப் பை, அவருடைய மருந்து எல்லாம் உள்ளே. "பாக்கியைக் கட்டினால் சாவி" என்கிறார் ஓனர். போலீஸில் இது சிவில் கேஸ் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறோம்.

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகை பாக்கி என்பது உண்மை, அதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பாக்கி இருக்கிறது என்பதற்காக ஓனர் தானாக வந்து பூட்டை மாற்ற முடியாது. அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக் 1950 என்ற சட்டத்தின் 7(2) பிரிவு சொல்வது இதுதான்: வாடகைக் காலமே முடிந்து போயிருந்தாலும், குடியிருப்பவர் இன்னும் உள்ளே இருந்தால், கோர்ட் வழியாக மட்டுமே வீட்டைத் திரும்பப் பெற முடியும். காலம் முடிந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு என்றால் நீங்கள் ஏன் பயப்பட வேண்டும்? தண்ணீரை நிறுத்துவது, கரண்டு வயரைக் கழற்றிவிடுவது, கதவைக் கழற்றிக்கொண்டு போவது, எல்லாம் இதே கணக்குத்தான். சாமானைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை கிடையாது. பாக்கிக்காகச் சாமானை எடுக்க 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கிறது, அதற்கும் கோர்ட் ஆணை வேண்டும், கோர்ட் ஆள்தான் வந்து எடுக்க வேண்டும்.

போலீஸில் சிவில் கேஸ் என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். "விசாரிக்க வேண்டாம், ரிப்போர்ட் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று கேட்டு ரிப்போர்ட் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, மருந்து உள்ளே மாட்டிக்கொண்டது, எல்லாம் அதில் வரட்டும். பூட்டைக் கிட்டே போய்ப் படம் எடுங்கள், பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருந்தால் அவர் பெயரையும் குறித்து வையுங்கள். அப்புறம் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, அமைதியாக, திட்டாமல்: கோர்ட் ஆணை இல்லாமல் பூட்டியிருக்கிறீர்கள், இன்றைக்குள் திறந்துவிடுங்கள், பாக்கி 1,100 வெள்ளியை இத்தனை தவணையில் இந்தத் தேதிகளில் கட்டுகிறேன். கட்ட முடிந்த தவணையை மட்டும் எழுதுங்கள். போனில் பேசினால் பிறகு எதையும் காட்ட முடியாது, எழுதினால் காட்டலாம்.

அப்படியும் திறக்கவில்லை என்றால் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்ற அரசாங்கச் சட்ட உதவி இலாகாவுக்குப் போய் ஆலோசனை கேளுங்கள், அல்லது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். ரிப்போர்ட், வாட்ஸ்அப் செய்தி, ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முறையாக நோட்டீஸ் கொடுத்து, அந்தக் காலமும் முடிந்த பிறகு விடாமல் உட்கார்ந்திருந்தால், சிவில் சட்டம் 1956, 28(4) பிரிவின்படி இரட்டை வாடகை கேட்டு ஓனர் வழக்குப் போடலாம். அதனால் வீட்டைத் திறந்த பிறகு பாக்கியை இழுத்தடிக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் இருந்துவிட்டு வீட்டைக் காலி செய்துவிட்டோம் அக்கா. இரண்டு மாத டெபாசிட், கரண்டு தண்ணீருக்கு அரை மாதம், மொத்தம் 1,500 வெள்ளி கொடுத்திருந்தோம். "பெயிண்ட் போச்சு, சீலிங் கறை, எல்லாம் கழிச்சாச்சு" என்று ஒரு காசும் தர மறுக்கிறார். அந்தக் கறை நாங்கள் வரும்போதே இருந்தது. ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் முத்திரை போடவில்லை.

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நானே இதில் அடிபட்டிருக்கிறேன். முதல் வாடகை வீட்டை விடும்போது, அலமாரிக்குப் பின்னால் இருந்த ஈரக் கறைக்கு 400 வெள்ளி கழித்தார்கள். கையகலத்துக்குப் பழுப்பு, நடுவில் சுண்ணாம்பு உப்பி, தொட்டால் பொடியாக உதிரும். வெளிப் பைப்பிலிருந்து கசிந்தது அது. நான் குடி வந்த அன்றைக்கே பார்த்தேன், படம் எடுக்கவில்லை. அந்த 400 வெள்ளி இன்று வரை மனதில் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். டெபாசிட் உங்கள் பணம், நீங்கள் உண்டாக்கிய சேதத்துக்கு மட்டும்தான் அவர் கழிக்கலாம். இரண்டு வருடத்தில் பெயிண்ட் மங்குவது சேதம் இல்லை, அது குடியிருந்த தேய்மானம். ஒப்பந்தத்தில் "டெபாசிட் முழுதும் பறிமுதல்" என்று எழுதியிருந்தால்கூட, ஒப்பந்தச் சட்டம் 1950, 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. எதற்கு எவ்வளவு கழித்தார் என்று கணக்கும் பில்லும் எழுத்தில் கேளுங்கள், 14 நாள் தவணை கொடுங்கள். பில் கேட்ட உடனேயே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

இறங்காவிட்டால் மஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்கு. 5,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. போராங் (படிவம்) 198 என்று கேட்டு வாங்கி, என்ன நடந்தது, எவ்வளவு வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட வழக்குக்கு ஆறு வருட அவகாசம் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள். பலர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போய் அலைகிறார்கள், நிலம் வீடு சம்பந்தப்பட்ட உரிமை வழக்கு அங்கே எடுபடாது. வீடு வாங்கியவர் தீர்ப்பாயமும் மேம்பாட்டாளரிடம் வாங்கியவர்களுக்குத்தான், வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை.

முத்திரை போடாத ஒப்பந்தத்தை அப்படியே கோர்ட்டில் ஆதாரமாகக் காட்ட முடியாது. பதற வேண்டாம், இப்போதும் எல்எச்டிஎன் என்ற வருமான வரி வாரியத்தில் முத்திரை போடலாம், தாமதத்துக்கு அபராதம் சேரும். கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் தெரியுமா? மாதம் 600 வெள்ளி, ஒரு வருட ஒப்பந்தம் என்றால் வருட வாடகை 7,200. ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி, ஆக 29 வெள்ளி. இரண்டாம் பிரதிக்கு 10. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் 250க்கு 3 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது, 2025 ஜனவரி முதல் அது இல்லை. 39 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் 1,500 வெள்ளிக்கு அல்லாடுவது எனக்கு வயிறு எரிகிறது.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் சாமான் இறக்கும் முன்னே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சுவர், சீலிங், சிங்க் அடி, கழிப்பறைத் தரை, மீட்டர் எண், எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு அனுப்புங்கள். கூரை, பைப், வயரிங் கெட்டால் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் ஒழுகும் கூரைக்காக வருடம் முழுக்கச் சண்டை. வாடகையைக் கையில் கொடுக்காமல் பேங்க் வழியாகப் போட்டு "மார்ச் வாடகை" என்று குறிப்பும் எழுதுங்கள். போன மாதம் ஒரு அம்மா மைலோ டின் நிறைய ரசீது கொண்டு வந்தார், எல்லாம் கிழித்த காலண்டர் தாள், அதில் "ஓகே" என்று ஒரு கிறுக்கல், தேதி இல்லை, தொகை இல்லை.

கேள்வி: 450ஆக இருந்த வாடகையை அடுத்த மாதம் முதல் 700 என்கிறார். இப்படி ஏற்றலாமா?

பதில்: ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் ஏற்ற முடியாது, ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருந்தால் தவிர. காலம் முடிந்து மாதாமாதம் ஓடுகிறது என்றால் முறையாக நோட்டீஸ் கொடுத்து எவ்வளவும் கேட்கலாம். இந்த நாட்டில் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 1997இல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வரும் என்று வருடக்கணக்காகப் பேச்சு நடக்கிறது. அது வந்தே ஆக வேண்டும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேளுங்கள். அதுவரை இரண்டு வருட ஒப்பந்தம், புதுப்பித்தால் எத்தனை சதவீதம் என்று முன்பே எழுதி வாங்குவதுதான் வழி.

கேள்வி: இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம். கூரை ஒழுகுகிறது, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்கிறது ஆபீஸ்.

பதில்: நீங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்றால் உங்களுக்கு 1990ஆம் ஆண்டின் அக்தா 446, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் இருக்கிறது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதும், தண்ணீர், கரண்டு தருவதும் முதலாளியின் கடமை. கிராணியிடம் (தோட்டத்துக் குமாஸ்தாவிடம்) வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள், சங்கத்தில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு வீடு கேட்டேன் அக்கா, போனில் என் பெயரைச் சொன்னதும் "இந்தியருக்கு இல்லை" என்று வைத்துவிட்டார்கள். இப்போது ஃபேஸ்புக்கில் ஒருவர் சரி என்கிறார், வாடகை 400தான், ஆனால் வீட்டைப் பார்க்கும் முன்னே 300 வெள்ளி புக்கிங் போடச் சொல்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்களாம். போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். நான்கு இடத்தில் மனம் நொந்து வரும்போது "சரி" என்ற ஒரு வார்த்தை கேட்டால் கை தானாகப் பணம் போடும், அது தெரிந்துதான் இவர்கள் வருகிறார்கள். வீட்டுக்குள் போய், குழாயைத் திறந்து பார்த்து, ஓனர் பெயர் மதிப்பீட்டு வரி பில்லிலோ கிராண்டிலோ (நிலப் பட்டாவிலோ) இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். ஏஜென்ட் என்றால் ஆர்இஎன் எண் (வீட்டுத் தரகருக்கான பதிவு எண்) கேளுங்கள், பதிவு பெற்றவர்களிடம் சிவப்பு அட்டை இருக்கும், அந்த எண்ணை அவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத் தளத்தில் சரிபார்க்கலாம். தனி ஆளின் கணக்குக்கு அவசரப்படுத்திக் கேட்டாலே விலகிவிடுங்கள்.

இனத்தைச் சொல்லி வீடு மறுப்பது அநியாயம், அதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. அரசியலமைப்பின் 8ஆவது விதி சமத்துவம் பேசுகிறது, ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் ஓனரைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. அதனால் போனில் கேட்பதைக் குறைத்து, நேரில் போங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், பழைய ஓனரிடம் வாடகை ஒழுங்காகக் கட்டினேன் என்று ஒரு கடிதம், இவற்றை ஒரு கோப்பில் வைத்து முதலில் நீட்டுங்கள். ஏற்கெனவே 300 வெள்ளி போட்டுவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிக்கும் முன்னே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.