மாதச் சம்பளத்தை மணிக்கணக்கில் உடைத்துப் பாருங்கள்

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் தாய் ஒருவரின் கேள்வி இது: “மகளுக்குப் பதினேழு வயது. சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தி, கணிதம் மட்டும் போகவில்லை. கொழும்பில் துணிக்கடை ஒன்றுக்கு மாதம் 35,000 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம் என்று கூப்பிடுகிறார்கள். காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை, கிழமைக்கு ஆறு நாள். அனுப்புவதா, படிக்க வைப்பதா? மகன் ஐந்து வருடமாகக் கொழும்பில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வயரிங் வேலை செய்கிறான், நாளுக்கு 2,500. அவனுக்குப் பிறகு வந்த சிங்களப் பையனுக்கு 3,500. தோட்டத்துப் பிள்ளை என்பதால்தானா?”

மகளின் விஷயம் முதலில். பதினெட்டு நிறையாத பெண் பிள்ளையை மாலை 6 மணிக்குப் பின் கடையில் நிறுத்தி வைப்பது கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்கே மாறானது. இரவு 8 மணி வரை என்று வாய் கூசாமல் சொல்லும் கடை மற்றச் சட்டங்களையும் அப்படித்தான் நடத்தும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு 35,000ஐப் பார்ப்போம். மாதத் தொகையாக வைத்து ஒப்பிட்டால் கணக்கு பிழைத்துவிடும். மணித்தியாலத்துக்கு என்ன விழுகிறது என்பதுதான் சம்பளம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்கு 10, கிழமைக்கு 60, மாதத்துக்கு 260 மணித்தியாலம். 35,000ஐ அதால் பிரித்தால் மணிக்கு 135 ரூபாய்கூட வரவில்லை. சாப்பாடும் படுக்கையும் மாதம் 15,000 பெறும் என்று தாராளமாகச் சேர்த்தாலும் 192 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த 1,550 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தை எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 193 ரூபாய் 75 சதம். வருகைக் கொடுப்பனவு 200ஐயும் கூட்டினால் 218 ரூபாய் 75 சதம். தோட்ட வேலைதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் நாளும், பேரே கிடைக்காத நாளும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் மலையை விட்டு இறங்கினாலே சம்பளம் ஏறிவிடும் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

சட்டப்படி கடை ஊழியருக்கு நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை. மேலதிகத்துக்கு ஒன்றரை மடங்கு. அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வழக்கமான கணக்கு, மாதச் சம்பளத்தை 240ஆல் பிரிப்பது: 35,000க்கு மணிக்கு 145.83, ஒன்றரை மடங்கு 218.75. இந்தக் கடையில் கிழமைக்கு 15 மணித்தியாலம் மேலதிகம், அதாவது மாதத்துக்கு 65. அதற்கு மட்டும் 14,200 ரூபாய்க்கு மேல் தர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், அதாவது 4,200. நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,050. மகளின் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடியது 8 வீதம், 2,800 மட்டுமே. “எல்லாம் சேர்த்துத்தான் 35,000” என்று முதலாளி சொன்னால் இவ்வளவையும் விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியையும் சேர்த்தே சேமலாப நிதி கணக்கிடப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

நியமனக் கடிதம் தந்தால் அடிப்படைச் சம்பளம் என்ற வரியைத்தான் முதலில் பாருங்கள். அடிப்படையைக் குறைத்து மிச்சத்தைக் கொடுப்பனவு என்று எழுதுவது பழைய வித்தை. மேலதிக நேரமும் பணிக்கொடையும் பிறகு அந்தக் குறைந்த தொகையில்தான் ஓடும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். கடிதமே தரமாட்டேன் என்றால் அனுப்பாதீர்கள்.

இப்படியான கடைகள் ஆள் தேடி மலைக்கு ஏறுவதற்கும் காரணம் உண்டு. பக்கத்துக் கடையில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாத பிள்ளைக்கு, கொடுப்பதுதான் விலை. கடை மாடியிலேயே படுக்கை, ஞாயிறு மட்டும் லீவு, கூட்டிப்போனவர் உங்கள் டிவிசன்காரர் என்றால் வேறு இடத்தில் வேலை கேட்கவும் வழியில்லை, விலகவும் முகத்தாட்சண்யம். விலகிப் போக முடியாதவரின் சம்பளம் ஏறுவதில்லை. இது இனத்தாலோ படிப்பாலோ வருவதல்ல, தகவல் இல்லாமையாலும் தங்கும் இடத்தாலும் வருவது. அதனால் போவது என்றே முடிவானாலும், வெளியே ஒரு உறவுக்காரர் வீடு அல்லது விடுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

இனிப் படிப்பு. பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளம் சராசரியாக 9 வீதமளவு கூடுகிறது என்கிறார்கள். சராசரி என்பதை மறக்கக் கூடாது. சம்பளம் வருடா வருடம் ஒரே அளவில் ஏறுவதில்லை, சான்றிதழ் கைக்கு வரும் இடத்தில்தான் எட்டி ஏறும். உயர்தரம் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் பரீட்சை எழுதாமல் வந்த பிள்ளைக்கும் சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கும் முதலாளி பெரிய வித்தியாசம் வைப்பதில்லை. தலைக்குள் இருப்பதை அவரால் பார்க்க முடியாது, தாளைத்தான் பார்க்கிறார். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார், பின்னர் நோபல் பரிசும் பெற்றார்.

ஆகவே எந்தத் தாளை நோக்கிப் போகிறாள் என்று தீர்மானித்த பிறகுதான் உயர்தரத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும் இருக்கிறது, அதனால் கலை என்று சேர்ப்பதுதான் மலையகத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் இருக்கும் சலுகை விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற பிரிவுகளுக்குத்தான்: 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கலைப்பிரிவில் நாடு முழுவதும் ஒரே போட்டி. உங்கள் மாவட்டத்துக்கென்று இருக்கும் ஒரே அனுகூலத்தை அந்தத் தெரிவு கைவிட்டுவிடுகிறது. வர்த்தகம் இருக்கும் பாடசாலை பஸ் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே விசாரியுங்கள்.

எப்படியானாலும் கணிதத்தைத் திரும்ப எழுத வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். சாதாரண சித்திக்கு வேண்டியது 35 புள்ளி. தினமும் ஒரு மணித்தியாலம் கடந்த கால வினாத்தாள் செய்தால் எட்டக்கூடிய தூரம். அரச வேலை விண்ணப்பங்கள் பலவற்றில் கணிதச் சித்தியைக் கேட்கிறார்கள். அந்த 35 புள்ளி இல்லாமல் மற்ற ஆறு பாடமும் பாதி விலைதான் போகும்.

புத்தகப் படிப்பில் மனம் இல்லை என்றால் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. நான்காம் மட்டம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். தரமுயர்த்தி ஐந்து, ஆறு டிப்ளோமாவுக்கும், ஏழு பட்டத்துக்கும் போகலாம் என்பதால் இது முட்டுச்சந்து அல்ல. ஆனால் பெண் பிள்ளை என்றவுடன் தையல், அழகுக்கலை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு ஊரில் ஐம்பது பேருக்கு ஒரே சான்றிதழ் இருந்தால் அதற்கு விலை இல்லை. நுவரெலியா, எல்லப் பக்க ஹோட்டல்களுக்கான சமையலறை, வரவேற்பு மேசைப் பயிற்சிகள், கணினிக் கணக்கு, முதியோர் பராமரிப்பு போன்றவற்றில் ஆள் தேவை இருக்கிறதா என்று இரண்டு மூன்று முதலாளிகளையே நேரில் கேட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள். பயிற்சி தமிழில் நடக்கிறதா, இறுதி மதிப்பீடு எந்த மொழியில் என்ற இரண்டையும் சேரும் முன்பே கேளுங்கள்.

அடுத்து மகன். 1,000 ரூபாய் வித்தியாசம் பாகுபாடா? இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல முன் நான்கு விஷயங்களைச் சமமாக்கிப் பார்க்க வேண்டும்: செய்யும் வேலை, நேரம், அனுபவம், கையிலுள்ள தாள். அந்தப் பையனிடம் என்.வி.கியூ. நான்கு இருக்கிறதா? வாடிக்கையாளரிடம் பேசிச் செலவு மதிப்பீடு எழுதுவது அவனா? மகனின் பெயர் சம்பளப் பதிவில் “பாஸ்” (தொழில் தேர்ந்தவர்) என்றிருக்கிறதா, “கையாள்” (உதவியாள்) என்றிருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். கட்டடத் தொழிலில் சம்பள நிர்ணய சபை திறமை உள்ளவர், இடைத்திறமை உள்ளவர், திறமையற்றவர் என்று தரம் பிரித்தே குறைந்தபட்சத்தை வைக்கிறது. பாஸ் வேலை செய்துகொண்டே கையாளாகப் பதியப்பட்டிருப்பவர்கள் மலையகத்திலிருந்து போனவர்களில் நிறையப் பேர்.

பொருளியலாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். இரு கூட்டத்தாரின் சம்பள இடைவெளியை எடுத்து, படிப்பு, அனுபவம் போன்றவற்றால் விளங்கும் பங்கைக் கழித்து, மிச்சத்தைத் தனியே வைக்கிறார்கள். 1973இல் ஒஹாகாவும் பிளைண்டரும் தனித்தனியே எழுதிய முறை இது. அந்த மிச்சம்தான் பாகுபாட்டின் மேல் சந்தேகம் விழும் இடம். ஆனால் விளங்கிய பங்கு சுத்தமானது என்று நினைக்க வேண்டாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடமிருந்து எடுத்த குடியுரிமையை 2003 வரை தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்த நாட்டில், அரசுப் பொறுப்புக்கு மிகப் பிந்தி வந்த தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பது பிள்ளையின் திறமைக் குறைவு அல்ல. பெண்களுக்கும் அதே கதை. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984இல். அதன் பிறகும் ஆண்கள் பகலோடு வேலை முடித்து இறங்க, கொழுந்து நிறுக்கும்வரை மலையில் நிற்பது பெண்கள்தான். நாட்சம்பளம் ஒன்று, மணிச்சம்பளம் வேறு.

மகனுக்கு உடனடி வழி, முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறை. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி என்.வி.கியூ. பெறலாம். நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விண்ணப்பித்தால் முதலில் நேர்முகம், பிறகு வேலைச் சான்றுகளின் கோவை, அதன் பின் செய்முறை மதிப்பீடு. பெரும்பாலும் சறுக்குவது கோவையில். ஐந்து வருடம் வேலை செய்தும் ஒரு படம்கூட இருக்காது. இன்றிலிருந்தே ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி, இடம், செய்த வேலை, தொடங்கி முடித்த நேரம் எழுதச் சொல்லுங்கள். மின்பலகையைப் (போட்) பொருத்தியதும், அதை மூடும் முன்பும் பின்பும் படம் எடுக்கட்டும். முதலாளி கடிதம் தர மறுத்தால் வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரரிடம் வாங்கலாம். மதிப்பீட்டில் அவர்கள் பார்ப்பது வேகத்தை அல்ல. மெயின் ஸ்விட்சை இறக்கி, டெஸ்டரால் பார்த்த பிறகு கம்பியைத் தொடுகிறானா, எர்த் கம்பியைச் சரியாக முடிக்கிறானா, ட்ரிப் ஸ்விட்சை அழுத்திச் சோதிக்கிறானா என்பதைத்தான். சைட்டில் அவசரத்துக்குப் பழகிய கை இங்கேதான் தோற்கும். ஏதாவது பகுதி குறைந்தால் அதற்கு மட்டும் பயிற்சி எடுத்துத் திரும்ப வரலாம்.

சான்றிதழ் எல்லாக் கதவையும் திறக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே தகைமையுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்கு வந்த அழைப்புகள் ஏறக்குறைய 50 வீதம் கூட. தகைமையைக் கூட்டி எழுதியபோதும் கறுப்பினப் பெயருக்கு அதனால் கிடைத்த பலன் குறைவே. பெயரும் தோட்டத்தின் “கீழ்ப்பிரிவு” என்ற விலாசமும் தாளில் முன்னால் நிற்கும் இடத்தில் மகன் விண்ணப்பம் மட்டும் அனுப்பிக் காத்திருக்கக் கூடாது. “ஒரு நாள் வேலை செய்து காட்டுகிறேன், பிறகு கூலி பேசலாம்” என்று கேட்பது பலிக்கும். முதலாளி ஊகிக்க வேண்டிய இடத்தில் கண்ணால் பார்க்கிறார். பேச்சுச் சிங்களத்தோடு அளவு, விலை எழுதும் அளவுக்கு எழுத்துச் சிங்களமும் கற்றால் செலவு மதிப்பீடு எழுதும் வேலை அவன் கைக்கும் வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் பார்த்துப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அதை வைத்து வழக்காட முடிவது அரச நடவடிக்கைக்கு எதிராக, அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் கொந்தராத்துக்காரர் இனம் பார்த்துக் கூலி குறைத்தார் என்று நிரூபிப்பது கடினம். சேமலாப நிதி கட்டவில்லை, மேலதிக நேரம் தரவில்லை, தரம் குறைத்துப் பதிந்தார் என்று நிரூபிப்பது சுலபம், தொழில் திணைக்களம் அதற்கென்றே இருக்கிறது. மகன் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அருகிலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போகட்டும். அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் இருந்தால் அது, சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், அந்தக் கொப்பி ஆகிய நான்கையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். சேமலாப நிதி இலக்கமே இல்லை என்று அங்கே தெரிய வந்தால், நாளுக்கு 1,000 ரூபாயை விட ஐந்து வருடப் பாக்கிதான் முதலில் கேட்க வேண்டியது.