மணிக்கு எவ்வளவு? மாணவர்களின் பணக் கேள்விகளும் என் பதில்களும்

கணக்கு எழுதுவது என் தொழில். படிக்கும் காலத்தில் டியூஷன் எடுத்தேன், கடையில் நின்றேன், மற்றவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வீட்டிலிருந்து மாதா மாதம் பணம் வருகிறது. இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. பெரிதாக எதையும் வாங்குவதும் இல்லை. பகுதி நேர வேலைக்குப் போகட்டுமா?

பதில்: போகலாம், ஆனால் ஒரு மாதம் கழித்து. முதலில் 30 நாளைக்கு எல்லாச் செலவையும் எழுதுங்கள். செலவைக் குறைக்க முயல வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். இரவில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் செலவு செய்த இடத்திலேயே போனில் குறித்துவிடுங்கள். பெரிதாக எதையும் வாங்காதவர்களின் பணம்தான் சின்னச் சின்னதாகக் கரைகிறது. இலவசமாகத் தொடங்கி, மறந்தே போய், மாதா மாதம் தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களையும் அந்தப் பட்டியலில் பாருங்கள்.

இன்னொன்று. மாதப் பணம் கைக்கு வந்ததும் அதை வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, வாரா வாரம் ஒரு பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். முழுப் பணமும் கண்ணில் படும்போது முதல் வாரம் கை நீளும். எல்லோருக்கும் அப்படித்தான்.

கேள்வி: ஒரு கடையில் மணிக்கு 100 தருவதாகச் சொல்கிறார்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் மணிக்கு 80 கிடைக்கும். 100ஐ விட மனமில்லை.

பதில்: தம்பி, இந்தக் கணக்கை மட்டும் எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடையில் நான்கு மணி நேரம் நின்றால் 400. போக்குவரத்துக்கு 60 ஆகிறது என்று வையுங்கள், மிஞ்சுவது 340. ஆனால் உங்கள் நாளிலிருந்து போனது ஆறு மணி நேரம். 340ஐ ஆறால் வகுத்தால் 57கூட வராது. பக்கத்துத் தெரு 80 என்பது முழுசாக 80. பாடம் தயார் செய்ய வாரத்தில் சிறிது நேரம் போகும், அதையும் கழித்துப் பாருங்கள். அப்போதும் அதுதான் மேல் என்று நினைக்கிறேன். சொல்லிக்கொடுக்கும்போது உங்கள் அடிப்படைப் பாடமும் உறுதிப்படும்.

கடை வேலைக்கே போவதானால், சம்பளம் எந்தத் தேதியில், எப்படி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செய்தியாக அனுப்பச் சொன்னாலும் போதும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்து, கடைசியில் தரவே இல்லை. கேட்கப் போனபோது என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கேள்வி: கையில் முதலே இல்லாமல் வீட்டிலிருந்து என்ன செய்ய முடியும்?

பதில்: இரண்டு மொழி நன்றாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பு, வசன வரிகள் எழுதுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது, மெய்ப்புத் திருத்துவது. கணக்கு வந்தால் சிறு வியாபாரிகளுக்கு வரவு செலவு எழுதலாம். முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான் வருவார், எனவே நீங்கள் செய்த வேலையில் இரண்டு மூன்று மாதிரிகளைத் தயாராக வைத்திருங்கள். புது ஆளாக இருந்தால் பாதிப் பணத்தை முன்னதாகக் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அடுத்தவர் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையை எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்காதீர்கள். மாட்டினால் இருவர் படிப்பும் போகும்.

கேள்வி: வீடியோவுக்கு விருப்பக்குறி போட்டால் பணம் என்றார்கள். முதல் இரண்டு நாள் உண்மையாகவே வந்தது. இப்போது பெரிய வேலை கிடைக்க வைப்புத்தொகை கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கட்டாதீர்கள். அந்த முதல் இரண்டு நாள் பணம் தூண்டில் புழு. வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். வேலை செய்பவரிடம் கேட்டால், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், விலகிவிடுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்படாமல் இன்றே வங்கியிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

கேள்வி: என் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பினால் பத்து சதவீதம் தருகிறார்களாம். வேறு வேலை எதுவும் இல்லை. செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. யாரிடமோ திருடிய பணம் உங்கள் பெயரைத் தாண்டிப் போக வேண்டும், அதற்காகத்தான் உங்களைத் தேடுகிறார்கள். விசாரணை வந்தால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வரும். கணக்கு முடங்கும், வழக்கு வரும், பின்னால் வேலைக்குப் போகும்போதும் அது துரத்தும். இதற்கு மாணவர்களைக் குறிவைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏடிஎம் அட்டையையோ கடவுச்சொல்லையோ நெருங்கிய நண்பரிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் ஆறு பேரைச் சேர்த்து, அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்கிறான் நண்பன்.

பதில்: பெருக்கிப் பாருங்கள். 6, 36, 216 என்று போகும். பதின்மூன்றாவது படியில் 1,300 கோடிப் பேர் வேண்டும். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டதே 2022இல்தான். அதாவது கடைசியில் சேர்பவர்களுக்கு ஆள் கிடைக்கவே வழியில்லை, அவர்கள் கட்டிய பணம்தான் மேலே இருப்பவர்களின் வருமானம். 1920இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று பணம் வாங்கினார். புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்தார், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே எல்லாம் சரிந்தது. உங்கள் நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவரையும் வெளியே கூட்டி வாருங்கள்.

கேள்வி: தவணையில் மடிக்கணினி வாங்கப் போகிறேன். 12 சதவீத வட்டிதான் என்கிறார்கள்.

பதில்: எந்த 12 என்று கேளுங்கள். 12,000 கடன், 12 மாதத் தவணை என்று வைப்போம். முழுக் கடனுக்கும் ஒரே சீராக வட்டி போட்டால் 1,440, மாதம் 1,120 கட்டுவீர்கள். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் 12,000க்கே போடப்படுகிறது. உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் அது வேறு, நல்ல விலை.

கடன் அட்டையில் இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். மாதம் 3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். 10,000 பாக்கியை அப்படியே விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து ஒரு வருடத்தில் 14,258 ஆகும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வட்டி நிற்காது.

படிப்புக்கு மடிக்கணினி தேவை என்றால் வாங்குங்கள், புதுப்பித்த பழையதையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: மாதம் கொஞ்சம் மிச்சம் வருகிறது. பங்குச் சந்தையில் போடலாமா?

பதில்: ஒரு மாதச் செலவுக்கான பணம் தனியாக, நினைத்தவுடன் எடுக்கும்படி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது. அடுத்த பருவக் கட்டணத்துக்கு வைத்த பணத்தைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் மிஞ்சுவது ஐந்து வருடத்துக்குத் தேவைப்படாது என்றால், பரவலாக முதலீடு செய்யும் நிதிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கலாம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் தோராயமாக வரும்: 6 சதவீதத்தில் 12 வருடம். யாராவது ஆறு மாதத்தில் இரட்டிப்பு என்றால் உடனே இப்படி வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை செய்கிறேன் அக்கா. வீட்டுக்கும் அனுப்புகிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு தாளில் தோற்றுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: எனக்காவது சொன்னீர்களே, அது நல்லது. தோற்ற தாளை மறுபடி எழுதக் கட்டணம் உண்டு, படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போனால் முழுச் சம்பளம் அத்தனை மாதம் தள்ளிப்போகும். இந்த முப்பது மணி நேரத்தின் உண்மையான கூலியில் இவை இரண்டையும் கழிக்க வேண்டும். வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், உங்கள் தோல்வியாக அல்ல, குடும்பத்தின் வரவு செலவாக. கட்டணத்தைத் தவணையில் கட்டவும், உதவித்தொகை பெறவும் வழி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வேலை செய்யும் இடத்தில், தேர்வுக்கு முந்தைய மூன்று வாரமும் பாதி நேரம்தான் வர முடியும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து பார்ப்போம்.