கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் போட்டால் எவ்வளவு வரும்?

கேள்வி: நான் புதிதாக எழுதுகிறேன். அமேசான் கிண்டிலில் தமிழில் மின்னூல் வெளியிட்டால் வருமானம் வருமா? உங்களுக்கு எவ்வளவு வந்தது?

வரும். ஆனால் அதை நம்பி வேலையை விட முடியாது. எனக்கு நல்ல மாதம் என்றால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். மந்தமான மாதத்தில் செல்போன் ரீசார்ஜுக்குக் காணும். சலித்துக்கொண்டு சொல்லவில்லை, தொகை அவ்வளவுதான். ஆனால் எந்தப் புத்தகத்துக்கு அது வருகிறது என்பதுதான் நான் எதிர்பாராதது.

நான் தென்காசிப் பக்கம் ஆவண எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை. கதை எழுதும் ஆசை பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. வார இதழ்களுக்கு அனுப்பியதில் சில வெளிவந்தன, மற்றவை போன இடம் தெரியவில்லை. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்குக் கதவு திறந்தது. 2018இல் அமேசான் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ எழுத்துப் போட்டியில் தமிழையும் சேர்த்தார்கள். என்னைப் போல் பதிப்பகப் படி ஏறக் கூச்சப்பட்டவர்கள் பலர் அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார்கள்.

நான் போட்டது இரண்டு புத்தகங்கள். ஒன்று சிறுகதைத் தொகுப்பு. எனக்குப் பிடித்தது அதுதான். இன்னொன்று, வீடோ நிலமோ வாங்கும் முன் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றை எப்படிப் பார்ப்பது என்று விளக்கும் சின்னக் கையேடு. “அண்ணாச்சி, பட்டா அவரு பேர்லதான இருக்கு, அப்புறம் என்ன பயம்?” என்று மேஜைக்கு வருகிற பாதிப் பேர் கேட்பார்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும், பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது, கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் வந்து விற்றால் என்ன சிக்கல் என்று வாய் வலிக்கச் சொல்லி அலுத்துப்போய்த்தான் அதை எழுதினேன்.

எனக்கு வரும் பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் கையேட்டிலிருந்துதான். கதைத் தொகுப்பு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். திடீரென்று யாரோ ஒருவர் ஒரே இரவில் முழுதும் படித்திருப்பார். யாரென்று தெரியாது, என் கிண்டில் கணக்கில் படித்த பக்கங்களைக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் உயர்ந்து நிற்கும். அன்று முழுக்க எனக்குப் பத்திர வேலை ஓடாது.

பணம் வரும் வழியைப் புரிந்துகொண்டால் இது ஏன் என்று விளங்கும். வழி இரண்டு. ஒன்று நேரடி விற்பனை. விலைக்கு ஏற்ப 35 அல்லது 70 சதவீதம் ராயல்டி. இந்தியக் கடையில் அந்த 70 சதவீதம் வேண்டுமென்றால் மின்னூலை அமேசானில் மட்டுமே வைக்க ஒப்புக்கொள்ளும் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் புத்தகத்தைச் சேர்த்தாக வேண்டும். கோப்பின் அளவைப் பொறுத்து ஒரு சிறிய அனுப்புகைக் கட்டணமும் கழியும். படங்கள் நிறைந்த புத்தகம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு வழி ‘கிண்டில் அன்லிமிடெட்’. மாதச் சந்தா கட்டியவர்கள் உங்கள் புத்தகத்தை எடுத்துப் படித்தால், அவர்கள் முதல் முறை படிக்கும் பக்கங்களுக்கு மட்டும் பணம். உலகம் முழுவதற்குமான ஒரு நிதியை மாதாமாதம் ஒதுக்கி, படிக்கப்பட்ட பக்கங்களுக்குப் பங்கிடுகிறார்கள். அதனால் விகிதம் மாதத்துக்கு மாதம் மாறும். இந்தியாவில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது பைசாக் கணக்கு. அமெரிக்க வாசகர் படித்தால் பக்கத்துக்கு அரை சென்ட்டுக்கும் குறைவு, ஆனாலும் நம் பைசாவை விட எவ்வளவோ மேல். பக்கம் என்பதும் நாம் வேர்டில் பார்க்கும் பக்கமல்ல. எழுத்தின் அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து அவர்களே எண்ணிக்கொள்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைக் கூட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம்? நானூறு பக்கக் குடும்ப நாவலை மூச்சுவிடாமல் படிக்க வைக்கிறவர்களுக்கு. அப்படி வரிசையாகப் பல நாவல்கள் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை முடித்த வாசகி அடுத்ததை உடனே எடுப்பார். தமிழில் கிண்டிலில் உருப்படியாகச் சம்பாதிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான் என்பது என் கணிப்பு. இலக்கியவாதிகள் அவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை நான் ஏற்பதில்லை. அந்த உழைப்பு சாதாரணமானதல்ல. சிறுகதைத் தொகுப்புக்கோ ஒவ்வொரு கதை முடியும்போதும் வாசகர் எழுந்து போக ஒரு வாசல் இருக்கிறது. பாதிப் பேர் அந்த வழியாகப் போய்விடுகிறார்கள்.

கையேட்டின் கதை வேறு. அதை யாரும் பொழுதுபோக்குக்காகப் படிப்பதில்லை. இடம் வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறவர், வயிற்றைக் கலக்கும் நேரத்தில் போனில் தேடுகிறார். வில்லங்கச் சான்று என்று தட்டினால் என் புத்தகம் கண்ணில் படுகிறது. லட்சக்கணக்கில் போடப் போகிறவருக்கு ₹99 பெரிய தொகையல்ல. சந்தாதாரரைவிட விலை கொடுத்து வாங்குகிறவர்தான் இதற்கு அதிகம். அதனால் பக்கத்துக்குப் பைசா என்ற கணக்கு இங்கே என்னை அவ்வளவாகக் கடிப்பதில்லை.

மின்னூலின் உண்மையான வசதியையும் இந்தக் கையேடுதான் காட்டியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது, முத்திரைத் தீர்வை 7 சதவீதம் அப்படியே இருந்தது. அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். அடுத்து வாங்கியவர்களுக்குப் புதிய கணக்கு போய்ச் சேர்ந்தது. இதையே அச்சில் போட்டிருந்தால் பழைய கட்டணத்தோடு கட்டுக் கட்டாக வீட்டுப் பரணில் கிடந்திருக்கும்.

சரி, நீங்கள் தொடங்குவதாக இருந்தால் சில விஷயங்கள்.

செலக்ட்டில் சேர்த்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில், பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் அதே கதைகள் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. பிரதிலிபியில் ஏற்கனவே வாசகர்களும் தினமும் நாலு பின்னூட்டமும் இருக்கின்றன என்றால், அதைக் கலைத்துவிட்டு இங்கே வருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கிண்டிலில் அந்தப் பேச்சுச் சத்தம் இருக்காது. மாதக்கணக்கில் ஒரு மதிப்புரைகூட வராது. வீட்டு ஆட்களையும் நெருங்கிய நண்பர்களையும் எழுதச் சொல்லவும் விதிமுறை இடம் தராது.

அந்த 90 நாளில் 5 நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம். கொடுத்துப் பார்த்தேன். தரவிறக்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. படித்தவர்கள் மிகக் குறைவு. இலவசம் என்றால் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு, அதனால் யாரையும் குறை சொல்ல மாட்டேன். முகநூலில் சிலர் தங்கள் புத்தகம் ஏதோ ஒரு பிரிவில் முதலிடம் என்று படம் பிடித்துப் போடுவார்கள். அதைப் பார்த்து ஏங்க வேண்டாம். சின்னப் பிரிவுகளில் சில பிரதிகள் விற்றாலே அந்த இடம் கிடைத்துவிடும்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் முதலில் எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எங்கள் தொழிலில் வானவில் எழுத்துரு சர்வ சாதாரணம். என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற மென்பொருள் இலவசம்தான், நன்றாகவே மாற்றும். ஆனாலும் மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறி நிற்கும். அட்டையைப் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துத் தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். என் அட்டை தங்கச்சி மகன் போட்டது. சம்பளம் ஒரு பிரியாணி.

வங்கிக் கணக்கும் வரிப் படிவமும் பயமுறுத்தும், ஆனால் அரை மணி நேர வேலைதான். பான் எண்ணைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடையில் வரும் ராயல்டிக்கு அங்கே வரி பிடித்துக்கொள்வார்கள். விற்ற மாதம் முடிந்து சுமார் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வரும், முதல் மாதமே கணக்கைத் திறந்து திறந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அச்சு எப்படி என்றும் கேட்பீர்கள். வழக்கமான ராயல்டி 10 சதவீதம். இப்போது பலர் நூறு, இருநூறு பிரதிதான் முதலில் அச்சிடுகிறார்கள். புது ஆள் என்றால் அச்சுச் செலவையே கேட்கும் இடங்களும் உண்டு. அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் கைக்காசு போகாமல் மாதம் ஏதோ வருகிறதே என்று எனக்குத் திருப்திதான்.

ஆகவே கதையும் வைத்திருக்கிறீர்கள், கைத்தொழிலோ துறை அறிவோ இருக்கிறது என்றால், கிண்டிலுக்கு முதலில் இரண்டாவதை எழுதுங்கள். இயற்கை உரம், மாடித் தோட்டம், ஜிஎஸ்டி, பிஎஃப் பணம் எடுப்பது, எதுவானாலும் சரி. நான் அடுத்து 11 மாத வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். கதைகளும் எழுதுகிறேன், ஆனால் அவை முதலில் பத்திரிகைகளுக்குத்தான் போகின்றன.