டயர் முதல் ஆயில் வரை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: டயரின் பக்கத்தில் காற்றழுத்தம் 51 பவுண்டு என்று அச்சடித்திருக்கிறது. பங்க்கில் 35 வைக்கச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டையும் விடுங்கள். டயரில் இருப்பது அது தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைந்து போகும்போது எவ்வளவு என்பதையும் பெரும்பாலும் அதிலேயே போட்டிருப்பார்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் குறைக்கப் போகாதீர்கள்.

கேள்வி: டயரில் நைட்ரஜன் அடிப்பது அவசியமா சார்?

இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கேள்வி: முன்பக்க இடது டயர் உள்புறம் மட்டும் தேய்கிறது. டயர் மட்டமா?

டயர் மீது பழி போடும் முன் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, பட்டன் மேல், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள் மேல், உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழவழ, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சொரசொர என்றால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. சரிசெய்தும் மறுபடி வந்தால் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் டை ராட், பால் ஜாயின்ட் இவற்றின் தேய்மானம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதற்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

கேள்வி: அண்ணே, ஸ்டெப்னி மாட்டும் முறையை ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள்.

சொல்கிறேன் தம்பி, இதில்தான் அடிபடுகிறார்கள். சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு முட்டினால் வண்டி ஆடும். கதவுக்குக் கீழே ஓரத் தகட்டில் ஜாக்கி வைக்கும் இடத்துக்கு அடையாளம் இருக்கும். அங்கே மட்டும் வையுங்கள்.

தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். ஒருமுறை மழை விட்ட ரோட்டோர மண்ணில் எனக்கு ஜாக்கி மெல்லப் புதைந்து சாய்ந்தது. வண்டி இறங்கி, கீழே கிடந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. என் கை பிழைத்தது அதனால்தான். அன்றிலிருந்து டிக்கியில் ஒரு பலகைத் துண்டும் இருக்கிறது.

நட்டை முதலில் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு வரவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது. கழற்றித் திரும்பப் போடுங்கள். எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கு. ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்க வேண்டாம், போல்ட் இழுபட்டுவிடும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: ஆயில் கறுத்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றலாமா?

கறுத்தது குற்றமில்லை, அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. கிலோமீட்டரையும் மாதத்தையும் கணக்கு வையுங்கள். தரம் மட்டும் கையேட்டில் உள்ளபடிதான். 5டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் ஓடும் தன்மை, இரண்டாவது எண் சூடான இன்ஜினில் இருக்கும் கெட்டி. இன்றைய இன்ஜின்களில் இடைவெளிகள் குறுகல். கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கலாம், மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை வைக்கக் கூடாது. வண்டியைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்ட் போட்டே ஆக வேண்டும். பழைய ஆயிலை வடியவிடும் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள், இருந்தால் மொத்த ஆயிலும் பீய்ச்சிவிடும். கழிவு ஆயிலைப் புது ஆயில் வந்த காலி கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் வேண்டாம். கரையானுக்கு என்று மரத்தடியிலும் ஊற்ற வேண்டாம், அது அப்படியே கிணற்றுத் தண்ணீருக்குப் போகும்.