பெரிய கல்யாண மண்டபத்தைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் நடத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவரின் குடும்பம் 800 பேர் உட்காரும் மண்டபம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் சோலார் போடுவது என்று முடிவாகிவிட்டது, அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். நான் ஈரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் 14 வருடமாக மேலாளராக இருக்கிறேன். எங்களிடம் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சோலாரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் என்ன அச்சடிக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். கல்யாணத்தன்று யாரிடமும் எதையும் சொல்ல முடியாது. பெண்ணைப் பெற்றவர் நான்கு நாள் தூக்கமில்லாமல் நிற்பார். அவரிடம் போய் "பிளாஸ்டிக் கப் வேண்டாங்க" என்றால் கேட்கிற நிலையில் இருக்கமாட்டார். அதே மனிதர் ஆறு மாதம் முன்பு தேதி குறித்துவிட்டு நிம்மதியாக உங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் தலையாட்டுவார். பல பேர், "நல்லதுங்க, நாங்களே கேக்கலாம்னு இருந்தோம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் எதில், மேசையில் என்ன விரிப்பு, எத்தனை இலைக்குச் சமையல், மிஞ்சினால் யாருக்கு, எல்லாமே அன்றைக்கே பேசி எழுத்தில் வரவேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மண்டபக் குப்பையில் எடை முழுக்க அதுதான். சமைத்தது பத்தாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. "குறைஞ்சு போச்சுன்னா சொந்தக்காரங்க முன்னாடி தலை காட்ட முடியாதுங்க" என்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால் குறைத்துச் சமையுங்கள் என்று எப்போதும் சொல்வதில்லை, பிரித்துச் சமையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆயிரம் பேருக்கு அரிசி எடுத்து வைக்கட்டும், காய் நறுக்கி வைக்கட்டும், ஆனால் அறுநூறு பேருக்கு வடித்துவிட்டு மண்டபத்தில் கூட்டம் எப்படி என்று பார்த்து அடுத்த உலை வைக்கட்டும். எங்களுக்கு வழக்கமாக வரும் சமையல்கார அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆட்கள் கூடுதல் நேரம் நிற்க வேண்டும், அதற்குக் கூலி என்றார், நியாயம்தான். மிஞ்சும் அரிசியும் எண்ணெயும் வீட்டுக்காரருக்கே திரும்பிப் போவதைப் பார்த்த பிறகு வீட்டுக்காரர்களே அந்தக் கூலியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: ஆள் உட்காருவதற்கு முன்பே வரிசை முழுக்க இலை போட்டு, இனிப்பு, பொரியல், கூட்டு, வடை என்று வைத்துவிடும் பழக்கம். நடுப் பந்திகளில் இதனால் நஷ்டமில்லை, இடம் பிடிக்க ஆள் பின்னாலேயே நிற்கும். கடைசி இரண்டு பந்தியில்தான் பாதி வரிசை காலியாக இருக்கும், பரிமாறிய இலைகள் ஆள் தொடாமலே சுருட்டப்படும். ஒரு முகூர்த்தத்தில் நானே நின்று எண்ணினேன், கடைசிப் பந்தியில் மட்டும் 43 இலை. ஒரு வாய்கூட யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். கூட்டம் குறையத் தொடங்கியதும் டைனிங் ஹால் பொறுப்பாளர் கை காட்டுவார், அதன்பின் ஆள் உட்கார்ந்த பிறகுதான் இலை. செலவே இல்லாத மாற்றம். நீங்கள் முதல் நாளே செய்யலாம்.

பாத்திரத்தில் மிஞ்சியதைக் கொடுக்கும் ஏற்பாட்டையும் முன்னாடியே செய்யுங்கள். 2014-இல் கோவையில் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி அமைப்புகள் விழாக்களில் மீந்த உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. உங்கள் ஊரில் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். இலையில் பட்டதைக் கொடுக்கக் கூடாது. தேங்காய்ச் சட்னியும் தயிர் சேர்த்ததும் சீக்கிரம் கெடும், அவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். கடைசிப் பந்தி முடிந்த பிறகு கூப்பிட்டால் தாமதம், முடியப்போகிறது என்று தெரிந்ததுமே கூப்பிடுங்கள்.

அப்புறம் தண்ணீர் பாட்டில். இலைக்கு ஒரு பாட்டில் வைத்தால் ஆயிரம் பேர், இரண்டு வேளை என்று 2,000 பாட்டில். பாதிக்கு மேல் அரைகுறையாகக் குடித்து மூடாமல் கிடக்கும். நாங்கள் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்து எவர்சில்வர் டம்ளருக்கு மாறினோம். சிரமம் டம்ளர் வாங்குவதில் இல்லை, கழுவுவதில் இருந்தது. கண் மறைவில் கழுவினால் ஜனங்களுக்குச் சந்தேகம் வருகிறது. அதனால் கொதிநீர்த் தொட்டியைச் சாப்பிட வருபவர்கள் பார்க்கிற மாதிரி டைனிங் ஹால் ஓரத்திலேயே வைத்தோம். ஆவி பறக்க டம்ளர் வெளியே வருவதைப் பார்த்தபின் பாட்டில் எங்கே என்று கேட்பவர் அநேகமாக இல்லை. ரிசப்ஷனுக்கு வரும் சிலர் மட்டும் இன்னும் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பேப்பர் ரோல் என்று விற்பதில் சிலவற்றுக்கு உள்ளே மெல்லிய பூச்சு இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், ஜவ்வு மாதிரி ஒன்று தனியாக உரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இது எனக்கு வெறும் சட்ட விஷயம் இல்லை. எங்கள் ஊரில் எச்சில் இலையை மாட்டுக்குப் போடுவது வழக்கம். இலையோடு சுருண்டு போகிற ஐஸ்கிரீம் கப்பும் ஸ்பூனும் அந்த மாட்டின் வயிற்றுக்குத்தான் போகின்றன. அந்த வாயில்லா ஜீவனை நினைத்துத்தான் எங்களிடம் இலை எடுக்கும் அக்காமார்கள் இரண்டு வாளி வைத்துப் பிரிக்கிறார்கள், யாரும் மிரட்டியதால் அல்ல.

இப்போது நாங்கள் தடுக்கி விழுந்த இடம். நிறையப் பேர் உங்களுக்குச் சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்றை விற்க வருவார்கள், உணவுக் கழிவைப் போட்டால் அடுப்பு எரியும் என்று. எரியும், பொய்யில்லை. நாங்களும் போட்டோம். இரண்டு மாதம் நன்றாக எரிந்தது. அடுத்தடுத்து மூன்று முகூர்த்தம் வந்த வாரம், மிஞ்சிய சோறு, பாயசம், ஜாங்கிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினோம். நான்காம் நாள் வாயு வருகிறது, தீ பற்றவில்லை. புளித்த நாற்றம் தெரு வரை. விற்றவர்கள் போனை எடுக்கவில்லை. கால்நடைக் கல்லூரியில் படித்த உறவுக்காரப் பையன் ஒருவன்தான் வந்து பார்த்து விளக்கினான். சோறும் இனிப்பும் மிக வேகமாகப் புளித்து அமிலமாகும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருகிற நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை, ஒரே நாளில் இவ்வளவு அமிலம் வந்தால் தாங்காது. கொட்டுவதை நிறுத்தி, சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்பும் ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்தோம்.

இதற்கு நேர்மாறான தொல்லை ஆடியிலும் மார்கழியிலும். கல்யாணம் கிடையாது, கலனுக்குத் தீனி கிடையாது. மண்டபக் கழிவு முகூர்த்த நாளில் மலையாக வரும், மற்ற நாளில் ஒன்றுமே வராது. கலனுக்கோ தினமும் அளவாக வேண்டும். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. இப்போது பக்கத்து மெஸ்ஸில் தினமும் இரண்டு வாளி காய்கறிக் கழிவு வாங்கிப் போடுகிறோம், கல்யாணக் கழிவில் அளந்த ஒரு பங்கு மட்டும் அதில் சேர்கிறது. மீதியெல்லாம் உரக்குழிக்கு. வாழை இலையைக் கலனில் போடாதீர்கள், நார் கரையாமல் மிதந்து குழாயை அடைக்கும். உரக்குழியிலும் முழு இலையாகப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுப் புகாது. நறுக்கி, காய்ந்த சருகோ தென்னை நாரோ கலந்து போட்டால் நன்றாக மக்கும். மேடையிலிருந்து இறங்கும் மல்லி, சாமந்தி, மாவிலை, வாசலில் கட்டிய வாழை மரம் எல்லாம் அங்கேதான். பூ செருகும் பச்சை ஸ்பாஞ்ச் மட்டும் மக்காது, அது செயற்கைப் பிசின். அதைத் தெர்மோகோலோடும் ஜிகினாத் தாள் வெடியோடும் சேர்த்து ரசீதிலேயே மறுத்துவிடுகிறோம்.

சரி, சோலார். வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களிடமும் இருக்கிறது. ஆனால் நமக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவது விடியற்கால முகூர்த்தத்துக்கும் இரவு ரிசப்ஷனுக்கும், வெயிலோ நண்பகலில். பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் 2015-இல் சுமார் 400 கிலோவாட்டுக்குப் போட்டார்கள். ஆட்டம் இல்லாத நாட்களில் உற்பத்தி மின்கட்டமைப்புக்குப் போவதால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. நமக்கும் அப்படித்தான், விழா இல்லாத நாள்தான் அதிகம். ஆகவே மிஞ்சி வெளியே போகிற மின்சாரத்துக்கு உங்கள் இணைப்பு வகையில் என்ன கணக்கு முறை என்று மின்வாரியத்தில் முதலில் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். ஜெனரேட்டருக்கு எரிக்கிற ஒவ்வொரு லிட்டர் டீசலும் இரண்டரை கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விடுகிறது. மேடை விளக்குகளை எல்இடி ஆக்கிவிட்டால் சின்ன ஜெனரேட்டரே போதும்.

பெரிய கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் கேரளத்தைக் காட்டுங்கள். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியையே பசுமை நெறிமுறை என்று வைத்து, அதாவது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருட்களைத் தவிர்த்து, நடத்தினார்கள். அதன்பின் அங்கே கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதே முறை பரவியது.

உங்கள் கட்டடம் இன்னும் முடியவில்லை என்பது பெரிய வாய்ப்பு. சமையல்கூடத்துக்குப் பின்னால் உரக்குழிகளுக்கும் இலை நறுக்கும் இயந்திரத்துக்கும் கூரை போட்ட இடம் விடுங்கள், அங்கே ஒரு குழாயும் விளக்கும் இருக்கட்டும். கை கழுவும் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துக் கல்வாழைக்கும் வாழைக்கும் விடுங்கள், பாத்திரம் கழுவும் எண்ணெய்த் தண்ணீரை அதோடு சேர்க்காமல் எண்ணெய் தங்கும் தொட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தரையெல்லாம் போட்டு முடித்த பிறகு யோசித்ததால் கார் நிறுத்துமிடத்தை உடைத்துத்தான் குழி வெட்ட வேண்டியிருந்தது. வரைபடம் இன்னும் இன்ஜினியர் கையில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.