சென்னையில் நடக்கும் இண்டி, ராக் ஷோக்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

ஷோ முடிந்து மறுநாள் ரீல்ஸில் பார்த்துத்தான் தெரியவருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் தளங்களையும் பப்களின் பக்கங்களையும் மட்டும் பார்த்தால் அப்படித்தான் ஆகும். இந்த ஊரில் ராக் இசையும், பெரிய நிறுவனங்களைச் சாராமல் கலைஞர்களே செய்யும் இண்டி இசையும் இடத்தோடு ஒட்டியிருப்பதில்லை, ஆட்களோடு ஒட்டியிருக்கின்றன. பப் மூடும், பெயர் மாறும், மேனேஜர் மாறினால் வெள்ளிக்கிழமை பேண்ட் வாசித்த மூலையில் டிஜே வந்து நிற்பார். வாசிக்கிறவர்கள் மட்டும் வேறு எங்காவது வாசித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாடகரிடம் தொடங்க வேண்டாம், டிரம்மரிடம் தொடங்குங்கள். கிட்டார் வாசிப்பவர்கள் எந்த ஊரிலும் நிறைய. நல்ல டிரம்மர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் ஒருவரே மூன்று நான்கு பேண்டுகளில் உட்கார்ந்திருப்பார். அவர் ஒருவரைப் பின்தொடர்ந்தால் நான்கு பேண்டுகளின் ஷோ வந்துவிடும். அடுத்து பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள். அதற்கடுத்து சவுண்ட் இன்ஜினியர்கள். இவர்களைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு, ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் கருவியைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடுகிறவர்கள் இவர்கள்தான். அன்றைக்கு எந்த இடம், எந்த பேண்ட் எல்லாம் அதிலேயே தெரியும். ஷோவைப் படம் எடுப்பவர்கள், போஸ்டர் வரைபவர்கள், பேண்டுகள் பயிற்சி செய்ய மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் முப்பது கணக்குகள் வரும். ஒரு ஊருக்கு அது போதும்.

ஆளைப் பின்தொடர்வதில் என்ன கிடைக்கும் என்பதற்கு இசையமைப்பாளர் டென்மா நல்ல உதாரணம். பாடகர் கபேர் வாசுகியுடன் அவர் இருந்த குரங்கன் பேண்டைக் கேட்டு, அதன் வழியாக அவரைக் கவனித்து வந்தவர்கள், 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளியில் அவர் வழிநடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட் முதல்முறையாக மேடையேறியபோது அதைப் பற்றி முன்பே அறிந்திருப்பார்கள். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் மோதிய இரவு அது. பப் பக்கங்களை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு ஒரு பள்ளி மைதானம் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இனி செய்முறை. இன்ஸ்டாகிராமில் இந்த முப்பது பேரையும் ஃபேவரிட்ஸ் பட்டியலில் போடுங்கள். அதில் 50 கணக்குகள் வரை சேர்க்கலாம். அந்தப் பட்டியலைத் திறந்தால் பதிவுகள் தேதி வரிசையில் வரும், அல்காரிதம் எதையும் ஒளித்து வைக்காது. சிறிய ஷோக்களின் அறிவிப்பு பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களுக்கு முன்புதான் வரும், அதுவும் ஸ்டோரியில். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் புதன், வியாழன் இரவுகளில் ஒருமுறை எல்லாவற்றையும் தள்ளிப் பாருங்கள். வார இறுதி ஷோக்கள் அந்த நேரத்தில்தான் உறுதியாகும். போஸ்டரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் மறந்துபோகும். உடனே போன் காலண்டரில் ஏற்றுங்கள். புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் ஆகிய டிக்கெட் செயலிகள் பெரிய ஷோக்களுக்கு உதவும். கதவில் காசு வாங்கும் ஷோக்கள் அங்கே வராது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேதிகளை மொத்தமாகக் குறித்துவிடலாம். ஜனவரியில் சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங். அதன் ராக் இரவைவிட கல்லூரி பேண்டுகளின் போட்டியைப் பாருங்கள் என்பேன், அடுத்த ஐந்தாண்டுகளுக்கான டிரம்மர்கள் அங்கேதான் தெரிவார்கள். பாஸ் முன்பதிவும் அடையாள அட்டையும் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஜூன் 21ஐ ஒட்டி, பிரான்சில் 1982இல் தொடங்கிய ஃபெத் த லா முசிக் என்ற இசை விழா. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் அறிவிப்பைப் பாருங்கள். டிசம்பரில், இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை என்ற இசை விழா. அது ராக் விழா இல்லைதான். ஆனால் சென்னையின் இண்டி ஆட்கள் பாதிப்பேரை அந்த மேடைக்கு முன்னாலோ மேலேயோ பார்க்கலாம்.

நடக்காத தேதிகளும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மதுக்கடைகள், பார்கள் மூடப்படும் நாட்கள் உண்டு: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. பப்பில் ஷோ என்று போஸ்டர் வந்து, தேதி இவற்றில் ஒன்றாக இருந்தால் கேட்காமல் கிளம்பாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி ஷோக்களுக்கு வடகிழக்குப் பருவமழை எதிரி. நனைந்த மேடையில் மின்சாரம் ஓடும் மைக்கைப் பிடிக்க யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. போலீஸ் அனுமதி கடைசி நாளில் கிடைக்காமல் போவதும் உண்டு. மாலை ஐந்து மணிக்கு வாசிப்பவரின் ஸ்டோரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே நல்லது.

நேரம் என்று வரும்போது பலர் தவறு செய்கிறார்கள். பப்பில் எட்டு என்று போட்டால் ஒன்பதுக்குத்தான் தொடங்கும் என்று பழகி, திறந்தவெளிக்கும் அதே கணக்கில் போகிறார்கள். ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்குச் சில நாட்கள் அரசு விலக்கு தரலாம், ஆனால் சிறிய இண்டி ஷோவுக்கு அதை நம்ப முடியாது. ஆகவே ஆறரை என்றால் ஆறரைக்கே தொடங்கும். தாமதமானாலும் பத்துக்கு மேல் நீட்ட வழியில்லாததால் முதலில் வாசிக்கும் பேண்டின் பாட்டுகளைத்தான் வெட்டுவார்கள். முதல் பேண்டைப் பார்க்கத்தான் நீங்கள் போக வேண்டும். முக்கிய பேண்டை எப்படியும் பார்த்துவிடலாம்.

கதவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது டிக்கெட்டா, கவர் சார்ஜா? உள்ளே சாப்பாட்டிலோ பானத்திலோ கழித்துக்கொள்ளும் கவர் சார்ஜ் என்றால் அந்தக் காசு பாருக்குப் போகிறது. பேண்டுக்குப் பேசிய தொகை மட்டும்தான், ஐம்பது பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அதே தொகை. டிக்கெட் என்றால் ஆள் கூடக்கூட அவர்களுக்குப் பங்கு கூட வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே இரவில் இருந்தால் டிக்கெட் ஷோவுக்குப் போங்கள். குடிப்பதற்கான சட்டப்படி வயது இங்கே 21 என்பதால் பல பப்கள் அதற்குக் கீழே உள்ளவர்களை இரவில் உள்ளே விடுவதில்லை. கல்லூரி மாணவர்களுக்கு அலியான்ஸ், எழும்பூர் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகரில் உள்ள ஸ்பேசஸ் என்ற கலைக்கூடம் போன்ற இடங்கள்தான் சரி. திரும்பி வருவதற்கு மெட்ரோவை நம்பினால் கடைசி ரயில் இரவு 11 வாக்கில் என்பதை மனதில் வையுங்கள்.

எங்கே நிற்பது? மேடைக்கு முன்னால் ஒட்டி நின்றால் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் நேராக அடிக்கும், பாட்டு மட்டும் கேட்காது. குரல் வருவது இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பீக்கர்களில் இருந்துதான். சவுண்ட் இன்ஜினியர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு இரண்டடி முன்னால் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரிசெய்வதுதான் உங்களுக்கும் கேட்கும். முதல் இரண்டு பாட்டு குழம்பினால் பேண்டைக் குறை சொல்லாதீர்கள். ஷோவுக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிக்கும் முக்கிய பேண்ட் முதலில் செக் செய்யும். முதலில் வாசிக்கும் பேண்டுக்கு நேரம் மிஞ்சாமல், மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்துவிடும். மூன்றாவது பாட்டில்தான் அவர்களுடைய உண்மையான ஒலி வரும். கண்ணாடிச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள ஹால் காலியாக இருந்தால் எல்லாமே எதிரொலிக்கும். மனித உடல் ஒலியை உறிஞ்சும், அதனால் கூட்டம் சேரச்சேர ஒலி தெளியும். நீங்கள் போய் நிற்பதே அந்த பேண்டுக்கு ஓர் உதவி.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிறிய ஹாலில் டிரம்ஸ் அந்த அளவை எளிதாகத் தொடும். மருந்துக்கடைப் பஞ்சு உதவாது. ஃபோம் அடைப்பானை ஒல்லியாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை. ஃபோம் உச்ச ஒலிகளை அதிகம் விழுங்குவதால் சிம்பல் மந்தமாகும். அடிக்கடி போகிறவர்கள் இசைக்கென்றே வரும் ஃபில்டர் வகையை வாங்கலாம். மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் இருந்தால் முந்தைய இரவு அதிகம் என்று பொருள்.

ஷோ முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். ஒயர் சுற்றும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அடுத்த ஷோ எங்கே என்று அவர்களே சொல்வார்கள். டீ-ஷர்ட், சிடி இருந்தால் அங்கேயே யுபிஐயில் வாங்குங்கள், முழுக் காசும் அவர்களுக்குச் சேரும். கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கினால் டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுப்பார்கள், ஆகவே அந்த நாள் வரை காத்திருந்து வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் தேதி, இடம், பேண்ட், யார் என்ன வாசித்தார்கள் என்று நான்கு வரி குறித்து வையுங்கள். டிரம்மரின் பெயர் தெரியாவிட்டால் மறுநாள் அவர்களுடைய பதிவில் டேக் செய்யப்பட்டவர்களைப் பார்த்து நிரப்பி, அவரையும் ஃபேவரிட்ஸில் சேருங்கள்.