வீட்டில் வளர்க்கும் காடைகளை எலி கடித்துக் கொல்கிறது, விஷம் வைக்கலாமா?

தக்கலை அருகே வீட்டின் பின்புறம் இருபது காடை வளர்ப்பதாகவும், எலி இரவில் வந்து கால்களைக் கடித்துவிட்டுப் போவதாகவும், விஷம் வைத்தால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அந்தப் பணத்தைக் கூட்டின் அடிப்பக்கத்திற்குச் செலவழியுங்கள்.

நானும் இதே கன்னியாகுமரி மாவட்டத்தில்தான், குலசேகரம் பக்கம், காடை வளர்க்கிறேன். நம் ஊரில் எலியை ஒழித்துவிட்டுக் காடை வளர்க்கலாம் என்பது நடக்காத காரியம். தென்னை மண்டையில் கூடு கட்டி வாழும் எலி ஒரு பக்கம், மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்னும் பெருச்சாளி இன்னொரு பக்கம். எலி சினைப்பட்டு மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். நீங்கள் எத்தனையைக் கொன்றாலும் அடுத்த தோப்பிலிருந்து புதிதாக வந்து சேரும்.

கால்களைக் கடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எலி உள்ளே நுழையவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. காடை கிளையில் ஏறி அடையும் பறவை அல்ல, தரையிலேயே குந்தித் தூங்கும். கம்பித் தரையில் தூங்கும்போது அதன் விரல்கள் கண்ணி வழியாகக் கீழே தொங்கும். எலி அடியில் தொற்றிக்கொண்டு அந்த விரலைக் கவ்வி இழுக்கும். உடனே கூட்டம் முழுவதும் மிரண்டு, காடையின் இயல்புப்படி நேர்ச் செங்குத்தாக எழும்பும். காலையில் ஒன்று கால் இல்லாமலும், இன்னொன்று மண்டை அடிபட்டும் கிடக்கும். இரண்டாவதை எலி தொட்டே இருக்காது, கூரைக் கம்பியில் மோதிச் செத்திருக்கும். அதனால் இன்றைக்கே கூரையின் உட்புறம் ஒரு சாக்குத்துணியை இழுத்துக் கட்டிவிடுங்கள். கூரையும் ஓர் அடி உயரத்தைத் தாண்ட வேண்டாம். உயரம் கூடினால் பறவை வேகமாகப் போய் மோதும்.

அடிப்பக்கத்தை மூட எளிய வழி, எச்சம் விழும் தகரத் தட்டை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் இழுப்பறைபோல் பொருத்துவது. தட்டுக்கும் கம்பித் தரைக்கும் நடுவே எலி போக வழி இருக்கக் கூடாது. தட்டைத் தினமும் கழுவ வேண்டியிருக்கும். கழுவத்தான் வேண்டும்.

அறுகோணக் கண்ணி போட்ட கோழி வலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். அந்த மெல்லிய கம்பியை எலி கடித்து அறுத்துவிடும். அரை அங்குலச் சதுரக் கண்ணி உள்ள வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், எனவே 19 கேஜுக்கு மேல் போக வேண்டாம். குஞ்சுகள் இருக்கும் கூட்டுக்குக் கால் அங்குலக் கண்ணி வேண்டும். மரச்சட்டத்தில் அடிப்பதானால் மெஷ் சட்டத்திற்கு வெளிப்புறம் வரட்டும், அப்போதுதான் எலியின் பல் மரத்தில் படாது. கதவின் மூலையும் கொண்டி ஓரமும்தான் பெரும்பாலும் கோட்டை விடும் இடங்கள். இருட்டியபின் ஒருவர் கூட்டுக்குள் டார்ச் அடிக்க, நீங்கள் வெளியே குனிந்து சுற்றி வாருங்கள். வெளிச்சம் கசியும் சந்தில் சுண்டுவிரல் நுழைந்தால் எலிக்குட்டியும் நுழையும்.

கூட்டின் கால்கள் மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல்போல் வளைத்துக் கவிழ்த்து மாட்டுங்கள். சுவரிலிருந்தும் மரக்கிளையிலிருந்தும் நாலடியாவது தள்ளி வையுங்கள்; எலி பக்கவாட்டில் நன்றாகத் தாவும். துணி காயப்போடும் கயிறு கூட்டைத் தொட்டுக்கொண்டு போனால் மற்ற எல்லாமே வீண். மேலே தென்னை நின்றால் அதன் தடியில் இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரப் பட்டை கட்டுங்கள். தேங்காயும் தப்பும். ஆனால் மட்டைகள் அடுத்த மரத்தோடு உரசிக்கொண்டிருந்தால் பட்டையால் பயனில்லை, எலி மேலேயே மரம் மாறிவிடும்.

எலியை முதலில் இழுப்பது காடை அல்ல, தீவனம். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாசனை இரவில் வெகுதூரம் போகும். வளர்ந்த காடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் போதும், இருபதுக்கும் சேர்த்து அரை கிலோவைச் சற்றுத் தாண்டும். காலையிலும் மதியத்திற்குப் பிறகும் பிரித்துப் போட்டு, இருட்டும் முன் தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். சிந்தியதைக் கூட்டிப் பெருக்குங்கள். மூட்டையை மூடி இறுகும் தகர டிரம்மில் வையுங்கள், பிளாஸ்டிக் வாளியை எலி குடைந்துவிடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும், காடையோ பிற்பகலிலும் அந்தியிலும்தான் இடும். காலையில் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் இரவு முழுவதும் முட்டை எலிக்கு விருந்து. விளக்கு வைத்ததும் ஒருமுறை போய்ப் பொறுக்கிவிடுங்கள்.

கூட்டுக்கு அருகில் தேங்காய்க் கதம்பைக் குவியலோ காய்ந்த ஓலையோ விறகோ கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் அறுவடையாகும் புரட்டாசியை ஒட்டியும், கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடையாகும் மாசியை ஒட்டியும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். பொறி வைப்பதற்கு அதுவே சமயம். எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும், ஓடும் தடத்தில் சுவரில் எண்ணெய் பிசுக்குப்போல் கறுப்புக் கறை படிந்திருக்கும். பொறியை அங்கே வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். அதனால் முதல் சில இரவுகள் பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காயோ சாளைக் கருவாடோ மட்டும் வைத்துத் தின்னவிட்டு, பழகியபின் விசை ஏற்றுங்கள்.

விஷம் ஏன் வேண்டாம் என்றால், இரத்தம் உறையாமல் செய்யும் புரோமாடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். அதுவரை தள்ளாடித் திரியும் அதைக் கூகையும் பூனையும் நாயும் பிடித்துத் தின்னும். நம் தோப்புகளில் இரவெல்லாம் எலி வேட்டையாடும் கூகையை நம் கையாலேயே கொல்வதா? மஞ்சள் பாஸ்பரஸ் பசையோ இன்னும் கொடியது. மனித உடம்பில் சேர்ந்தால் கல்லீரலைச் சிதைக்கும், அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டு வாசலுக்குள்ளேயே அது வரக் கூடாது. பாச்சை உருண்டையைக் கூட்டில் தொங்கவிடச் சொல்வார்கள், அதன் ஆவி பறவைக்கே கேடு.

எச்சத் தட்டு கழுவும்போது கையுறையும் செருப்பும் போடுங்கள், மழைக்காலத்தில் கட்டாயம். எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தில் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக் காய்ச்சல் தொற்றும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் எலித் தொல்லையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடிபட்ட காடைகளை இப்போதே தனியே பிரியுங்கள். இரத்தம் கண்டால் மற்றவை கொத்தும். காயத்தைக் கொதித்து ஆறிய உப்புநீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவி, நெல் உமி பரப்பிய பெட்டியில் வையுங்கள். ஒரு விரல் போன காடை நன்றாகவே பிழைக்கும். மற்றவை பயத்தில் சில நாட்கள் முட்டையை நிறுத்தலாம், தீவனத்தை மாற்றிக் குழப்ப வேண்டாம். கூடு அமைதியானால் மறுபடி இடத் தொடங்கும். காயம் வீங்கினாலோ பறவை தீவனம் எடுக்காவிட்டாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.